கேத்தி, பூஜ்ஜியத்துக்குக் கீழே இரண்டு

குழாய் வெடித்தது இரவு மூன்றரைக்கு.
பெரிய சத்தமில்லை,
கொல்லையில் யாரோ விரல் சொடுக்கியது போல.
நான் பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களோடு விழித்திருந்தேன்.
வேதிப்பிணைப்பு. ஐந்து மதிப்பெண்.

முப்பத்திரண்டாவது தாளில் ஒரு பையன்:
‘சோடியம் தன்னிடமிருந்த ஒன்றைக்
குளோரினுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தது.’
நிம்மதியை அடித்து
நிலைத்தன்மை என்று மேலே எழுதினேன்.
பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

கேரட் பாத்திகள் சுண்ணாம்பு அடித்தது போலக் கிடந்தன.
அரை இஞ்சு இரும்புக் குழாய்,
நீளவாக்கில் பிளந்து
பிளவில் பனிக்கட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

இரும்பை எனக்குத் தெரியும்.
அங்கே திரியும் எலெக்ட்ரான்களுக்குச் சொந்தத் தொழுவம் கிடையாது,
பொதுப்புல்லில் மேயும் எருமைகள் அவை.
சம்மட்டி விழுந்தால்
அணுக்கள் நழுவி, இடம் மாறி, மறுபடி ஒட்டி நிற்கும்.
அதைப் போய்ப் பிளந்திருக்கிறது
தண்ணீர்,
அதுவும் தன்னிடமிருந்ததிலேயே நோஞ்சான் பிடியால்.

ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும்
ஒரே கம்பளிக்குள் படுப்பவர்கள்.
தூக்கத்தில் ஆக்ஸிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.
கெட்ட எண்ணமில்லை, சுபாவம்.
ஹைட்ரஜனின் தோள் திறந்து கிடக்கும்.
திறந்த தோள்
பக்கத்து வீட்டு ஆக்ஸிஜனின் சூட்டை நாடும்.
அவ்வளவுதான் ஹைட்ரஜன் பிணைப்பு.
அரை மதிப்பெண்ணுக்கு மேல் யாரும் எழுதுவதில்லை.

வெயிலில் இவை பிடிக்கும், விடும்,
இடித்துக்கொண்டு, நெருக்கியடித்து ஓடும்.
குளிர் வந்தால் ஒழுக்கம் வந்துவிடுகிறது.
ஒவ்வொன்றும் நாலு பேரைக் கைநீட்டிப் பிடித்து
நீட்டிய கையின் தூரத்திலேயே நிறுத்திவைக்கும்.
நெருங்கவும் விடாது, விலகவும் விடாது.
நடுவே அறுகோணமாய் ஒரு வெறுமை.
குழாயில் இடம் போதாமல் போனது
அந்த வெறுமைக்குத்தான்.

குன்னூரில் ஒற்றை அறையில் இருந்தபோது
நானும் சகாயமும் நாளைக்குப் பத்துமுறை மோதிக்கொள்வோம்.
அடுப்படியில், கதவிடுக்கில், சம்பளத் தேதியில்.
கேத்தியில் மூன்று அறைகள்.
‘சாப்பாடு மேசையில.’
‘கரண்ட் பில் கட்டியாச்சு.’
ஒரு தட்டுகூட உடைவதில்லை.

வேலிக்கு அப்பால் போஜன் வீட்டு எருமைத் தொட்டி.
நேற்று மாலை கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டினார்.
டார்ச் அடித்தேன்.
அத்தனை குளிரிலும் தளதளவென்று ஆடிற்று.
கொடுத்ததும் வாங்கியதும்
தண்ணீருக்குள் தனித்தனியே பிரிந்துபோய்,
ஒவ்வொன்றையும் ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ள,
வரிசை கட்ட ஆளில்லை.
கொடுத்த ஒன்றைச் சோடியம் திருப்பிக் கேட்டதாக
எந்தத் தாளிலும் இல்லை.

ஆறே முக்காலுக்கு
அருவங்காட்டிலிருந்து நைட் ஷிஃப்ட் முடிந்து சகாயம் வந்தார்.
குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
‘எப்படி வெடிச்சுது?’
‘எல்லாம் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டதால.’
கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.
ஈரக் கையுறையோடு இரும்பைப் பிடித்தார்,
கம்பளி ஒட்டிக்கொண்டது.
இழுத்தார். வரவில்லை.
அவருக்காக ஆற்றிவைத்த டீயை
அவர் விரல்மேல் மெல்ல ஊற்றினேன்.
‘சர்க்கரை போட்டியா?’ என்றார்.
போட்டிருந்தேன்.
எறும்பு வரும் என்றார்.
இந்தக் குளிரிலா என்றேன்.
நவம்பருக்குப் பிறகு
நாங்கள் பேசிய மிக நீளமான பேச்சு அது.

எட்டரைக்குத் துண்டுக்குழாய் வந்தது, டெஃப்லான் டேப்பும்.
கார்பனும் ஃப்ளோரினும் தங்களுக்குள்
அத்தனை இறுக்கமாகப் பற்றிக்கொண்டதில்
வெளியே எதையும் ஒட்டவிடாத நாடா.
ஒழுகாமலிருக்க அதைத்தான் சுற்றுகிறார்கள்.

‘ஒருத்தர் திருப்பணும்,
ஒருத்தர் அசையாமப் பிடிக்கணும்’ என்று
இரண்டாவது ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.
முதல் மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது.
முப்பத்திரண்டாவது தாள்
இன்னும் கூட்டாமல் மேசையில் கிடந்தது.
பிடித்துக்கொண்டேன்.